மாணவர்கள் தாமே இலக்கு வைக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஏறக்குறைய எல்லா வகுப்பறைகளிலும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "பெரியவர் ஆனதும் என்ன ஆகப் போகிறீர்கள்?" டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர் என்று வரிசையாகப் பதில்கள் வரும், வகுப்பு கைதட்டும், "அப்படியென்றால் நன்றாகப் படிக்க வேண்டும்" என்று ஆசிரியர் முடித்துவைப்பார். கலெக்டர் ஆவேன் என்று சொன்ன பிள்ளை அன்று மாலை வீட்டில் புத்தகப் பையைத் திறக்கும்போது, எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, எதுவரை படித்தால் இன்றைக்குப் போதும் என்பவற்றுக்கு அந்தப் பதில் எந்த வழியும் காட்டுவதில்லை. அந்தப் பிள்ளை சொன்னது லட்சியம். லட்சியம் வேண்டியதுதான், ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக்கூடத் திட்டமிட முடியாது.

இன்ன வேலையை, இன்ன அளவுக்கு, இன்ன நாளுக்குள் முடிப்பேன் என்று ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளும் அளவையே இங்கு இலக்கு என்கிறோம். அதை எட்டியாயிற்றா, இல்லையா என்பதை வேறு யாரையும் கேட்காமல் அவரே சொல்லிவிட முடிய வேண்டும். "தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன்" என்பது நல்ல எண்ணம். "வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்து வரிகளை ல, ள, ழ பிழை வராமல் எழுதுவேன்" என்பது இலக்கு. முதலாவதைச் சொன்ன மாணவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது; இரண்டாவதைச் சொன்னவர் அன்றைக்கே தம் பழைய நோட்டைத் திறந்து, எந்தச் சொற்களில் ளகரமும் ழகரமும் இடம் மாறியிருக்கின்றன என்று தேடத் தொடங்கலாம். இப்படி எண்ணத்தை இலக்காக மாற்றுவது ஒரு திறன். வாய்ப்பாட்டைப் போல, அகராதி பார்ப்பதைப் போல, அதையும் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டும். நம் பள்ளிகளில் "இலக்கு வைத்துப் படி" என்று அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். எப்படி வைப்பது என்று உட்கார்ந்து கற்றுத்தருபவர்கள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

இலக்குக்கு உண்மையிலேயே ஊக்கமூட்டும் ஆற்றல் உண்டா என்று ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக். 1968-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இத்துறை வேகம் பிடித்தது. பின்னர் கேரி லேதம் அவருடன் இணைந்தார். பல்வேறு வேலைகளிலும் பல்வேறு வயதினரிடமும் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 1990-இல் இருவரும் தம் கோட்பாட்டை நூலாக்கினர். அவர்கள் கண்டதன் சாரம் எளிமையானது: "உன்னால் முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, சற்றே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள். லேதம் பங்கேற்று 1975-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றிச் செல்லும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீத அளவுக்கே ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, 94 சதவீதம் என்று ஓர் எண்ணை ஓட்டுநர்கள் முன் வைத்தார்கள். அதற்காகக் கூடுதல் சம்பளம் தரவில்லை. சில மாதங்களில் ஏற்றும் எடை 90 சதவீதத்தை ஒட்டி உயர்ந்து, அங்கேயே நிலைத்தது.

ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு வலிமை? முதலாவதாக, அது கவனத்தைத் திருப்புகிறது. எதைச் செய்வது என்று தெரிந்தவுடன் எதைச் செய்யாமல் விடலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. அடுத்து, வேலையின் அளவுக்கேற்ப முயற்சியைக் கூட்டுகிறது. பாதியில் சலிப்பு வரும்போது, இன்னும் இவ்வளவுதான் மிச்சம் என்று காட்டி நிறுத்தாமல் தொடர வைக்கிறது. பழைய வழியில் எட்ட முடியாதபோது புது வழி தேடவும் தூண்டுகிறது. எட்ட வேண்டும் என்ற பிடிப்பு மாணவருக்கு இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற தகவல் அவ்வப்போது கிடைக்க வேண்டும், அந்த வேலைக்கான அடிப்படைத் திறன் கைவசம் இருக்க வேண்டும் என்பவை இதற்கான நிபந்தனைகள். இவற்றில் கடைசி நிபந்தனையைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர்கள் ரூத் கான்ஃபரும் ஃபிலிப் ஆக்கர்மனும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. விமானங்களைத் தரையிறக்கும் கட்டுப்பாட்டாளரின் வேலையைக் கணினியில் போலச் செய்து பழகும் பயிற்சியை அமெரிக்க விமானப் படையில் பயிற்சி பெற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். விதிகளையே இன்னும் புரிந்துகொண்டிருக்கும் தொடக்கக் கட்டத்தில் இத்தனை விமானங்களை இறக்க வேண்டும் என்ற இலக்கைக் கொடுத்தபோது அவர்களுடைய செயல்பாடு மேம்படவில்லை, பின்னடைவுதான் ஏற்பட்டது. கற்பதற்குத் தேவையான கவனத்தை அந்த எண் பிடுங்கிக்கொண்டுவிட்டது. வகுத்தலே சரியாக வராத பிள்ளையிடம் "கணக்கில் எண்பது எடு" என்று சொல்லும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். புதிதாகக் கற்கும் கட்டத்தில் இருப்பவருக்குக் கற்றலையே இலக்காக வைக்க வேண்டும்: "மீதி வரும் வகுத்தலுக்கு விடை சரியா என்று நானே சோதித்துப் பார்க்கும் முறையைப் புதன்கிழமைக்குள் கற்றுக்கொள்வேன்" என்பது போல.

பள்ளிக் குழந்தைகளைப் பொறுத்தவரை, நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கும் ஆய்வு உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கி, அதில் ஆர்வமும் இழந்திருந்த 7 முதல் 10 வயதுக் குழந்தைகள். தாமே படித்துச் செய்யும்படி அமைந்த 42 பக்கக் கழித்தல் பயிற்சி அவர்களுக்குத் தரப்பட்டது. அதை ஏழு அமர்வுகளில் செய்ய வேண்டும். ஒரு பிரிவினரிடம், ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கங்களை முடிப்பதை இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கங்களையும் முடிப்பதை இலக்காக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இலக்கு எதையும் சொல்லவில்லை.

ஆறை ஏழால் பெருக்கினால் 42. இரு பிரிவினர்க்கும் வேலை ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஆனால் அமர்வுக்கு 6 பக்கம் என்று வைத்துக்கொண்ட குழந்தைகள் பயிற்சியில் வேகமாக முன்னேறினார்கள். பின்னர் வைத்த தேர்வில் மற்ற இரு பிரிவினரையும் நன்றாகவே விஞ்சினார்கள். தொலைவிலுள்ள 42 பக்கத்தை இலக்காகக் கொண்டவர்களோ, இலக்கே இல்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறவில்லை. இன்னொன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பயிற்சி முடிந்த பிறகு, விருப்பமானதைச் செய்துகொள்ளலாம் என்று குழந்தைகளைச் சும்மா விட்டபோது, அமர்வுக்கு 6 பக்கம் என அருகிலேயே இலக்கு வைத்திருந்தவர்கள் யாரும் சொல்லாமலேயே கழித்தல் கணக்குகளைக் கூடுதலாக எடுத்துப் போட்டார்கள். கணக்கென்றாலே முகம் சுளித்த குழந்தைகள் அவர்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் "முடித்துவிட்டேன்" என்ற நிறைவு கிடைத்தது. அந்த நிறைவு சேர்ந்து "என்னால் கழித்தல் போட முடியும்" என்ற நம்பிக்கையானது. நம்பிக்கையைத் தொடர்ந்து ஆர்வம் வந்தது. ஆர்வம் இருந்தால்தான் பிள்ளை படிக்கும் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இந்த ஆய்வில் ஆர்வம் கடைசியாக வந்து சேர்ந்ததைக் கவனிக்க வேண்டும்.

அருகிலுள்ள இலக்கு நல்லது என்பது சரி. எதை இலக்காக வைப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மாணவரைக் கேட்டால் மதிப்பெண்ணைத்தான் சொல்வார். பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. பொருளியல் பாடம் எடுத்த ஏறத்தாழ 4,000 கல்லூரி மாணவர்களில் சிலரிடம், பாடத்தில் எந்த மதிப்பெண் அல்லது கிரேடு பெறப் போகிறீர்கள் என்று இலக்கு வைக்கச் சொன்னார்கள். சிலரிடம், எத்தனை மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகப் போகிறீர்கள் என்று இலக்கு வைக்கச் சொன்னார்கள். மாதிரித் தேர்வை இலக்காக்கியவர்கள் கூடுதலாகப் பழகினார்கள், மதிப்பெண்ணும் உயர்ந்தது. மதிப்பெண்ணையே இலக்காக்கியவர்களிடம் பெரிய மாற்றம் தென்படவில்லை. மதிப்பெண் நம் கையில் முழுவதுமாக இல்லை; வினாத்தாள், திருத்துபவர், அன்றைய உடல்நிலை என்று பலவும் அதில் சேர்ந்திருக்கின்றன. இன்று மாலை ஒரு மாதிரித் தேர்வை எழுதி முடிப்பது நம் கையில் இருக்கிறது.

இதை நம் வகுப்பறைக்குள் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 28 எடுத்திருக்கிறான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆசிரியர் அழைத்துக் கேட்கிறார்.

"அரையாண்டுல எவ்வளவு எடுப்பே?"

"அறுபது எடுத்துடுவேன் சார்."

பெரும்பாலும் பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆசிரியருக்கு ஒரு வாக்குறுதி கிடைத்துவிட்டது. மாணவனுக்கு அங்கிருந்து போனால் போதும். ஆனால் ஆசிரியர் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, விடைத்தாளை விரித்து வைத்து, "எந்தக் கேள்வி உனக்குப் பக்கத்துல வந்து நழுவிப் போச்சு?" என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போகும். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண்கள் இருக்கின்றன. வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும் கணக்கை அவன் தொட்டிருக்கிறான், முடிக்கவில்லை. எனவே முதல் இலக்கு இப்படி அமைகிறது: "வெள்ளிக்கிழமைக்குள் தொடுகோடு வரையும் கணக்குகள் நான்கை, புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வரைவேன். அளந்த நீளத்தைப் பித்தாகரஸ் தேற்றத்தால் சரிபார்ப்பேன்."

இந்த இலக்கின் இரண்டாவது வாக்கியம் முக்கியமானது. விட்டம் 6 செ.மீ. உள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையச் சொல்கிறது ஒரு கணக்கு. செவ்வாய்க்கிழமை இரவு அவன் வரைகிறான், அளக்கிறான்; 5.3 செ.மீ. வருகிறது. ஆரம் 3, தொலைவு 8. 64-இல் 9 போனால் 55. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.4. இரண்டும் பொருந்தவில்லை. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, விட்டத்தையே ஆரமாக எடுத்துக் காம்பஸை 6 செ.மீ. விரித்துவிட்டது தெரிகிறது. நோட்டின் ஓரத்தில் "விட்டம் தந்தால் பாதியாக்கு" என்று எழுதி வைக்கிறான். யாரும் திட்டவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. பிழையை அவனே கண்டுபிடித்தான். அந்த ஓரக் குறிப்பு, "அறுபது எடுப்பேன்" என்ற வாக்குறுதியால் கிடைத்திருக்கக்கூடியது அன்று.

அடுத்து வரும் சிக்கல், இலக்கு வைத்த பிறகும் உட்கார முடியாமல் போவது. இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பதற்கு முன், அந்த இலக்குக்கு நேரமும் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தனவா என்று பார்க்க வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும் வேலை மாணவர்களுக்குத் தரப்பட்டது. அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டதோடு நின்றவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவில்தான் அனுப்பினார்கள். எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்றும் முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் அனுப்பினார்கள். "இது நடந்தால், அதைச் செய்வேன்" என்று சங்கிலி கோத்துக்கொள்வதே இதன் உத்தி. நம் மாணவனுக்கு அது, "டியூஷன் முடிந்து வந்து டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், முன்னறையில் உட்கார்ந்து ஒரு கணக்கு வரைவேன்" என்று அமையலாம். "கரண்ட் போனால், ஒரு மதிப்பெண் வினாக்களைத் தங்கையிடம் ஒப்பிப்பேன்" என்று தடைக்கும் ஒரு வழி வைத்துக்கொள்ளலாம். தனியறையும் மேசையும் இல்லாத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு மிகவும் அவசியம். எங்கே உட்காருவாய் என்று ஆசிரியர் கேட்கும்போதுதான், உட்கார இடமில்லை என்பதே சில வேளைகளில் தெரிய வருகிறது. அப்போது பள்ளி விட்ட பின் அரை மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வைப்பதும் இலக்கு வைக்கும் பாடத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

முன்னேற்றத்தைக் குறித்துவைப்பதற்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போட்டு, முடிக்க முடிக்க நிரப்பினாலே போதும். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை எட்ட உதவுகிறது என்றும், அதை எழுதி வைக்கும்போதும் பிறர் அறியச் செய்யும்போதும் பலன் கூடுகிறது என்றும் கண்டது. பிறர் அறிய என்பதற்காக வகுப்புச் சுவரில் எல்லோருடைய கட்டங்களையும் ஒட்டிவிட வேண்டாம். நிரம்பாத கட்டங்கள் உள்ள பிள்ளைக்கு அது தினசரி ரேங்க் பட்டியலாகிவிடும். ஆசிரியரோ, நம்பிக்கையான ஒரு நண்பனோ பார்த்தால் போதும்.

இங்கே ஒரு கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களில் 3 சதவீதத்தினர் மட்டுமே இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள் என்றும், 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களுடைய சொத்து மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிடக் கூடுதலாக இருந்தது என்றும் தன்னம்பிக்கை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. எழுதி வைத்தாலே நடந்துவிடும் என்ற மயக்கத்தை அந்தக் கதை உண்டாக்குவதால், மாணவர்களிடம் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இலக்கை யார் வைப்பது என்பது அடுத்த கேள்வி. மாணவர்தான் வைக்க வேண்டும் என்று பலர் அழுத்திச் சொல்வார்கள். ஆனால் லேதமும், இதில் அவரோடு கருத்து மாறுபட்ட ஆய்வாளர் மிரியம் எரெஸும், லாக்கை நடுவராக வைத்துச் சேர்ந்து நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வுகள் சற்றே வேறு செய்தியைத் தந்தன: ஒருவர் வைத்துக் கொடுத்த இலக்கும், ஏன் இந்த இலக்கு என்று காரணம் விளக்கப்பட்டிருந்தால், கலந்து பேசி வைத்த இலக்கைப் போலவே பிடிப்பை உண்டாக்குகிறது. காரணம் சொல்லாமல் சுருக்கமாகத் திணிக்கப்பட்டதுதான் பிடிப்பைக் கெடுத்தது. ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியரே இலக்கு சொல்லலாம். இரண்டு மூன்று இலக்குகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது. எட்டாம் வகுப்புக்கு மேல், முதல் வரைவை மாணவரே எழுதி, ஆசிரியர் அதைச் செதுக்க உதவலாம். வீட்டில் "பக்கத்து வீட்டுப் பையன் 95, நீ 96 எடு" என்று சொல்லப்படும் எண்ணில் காரணமும் இல்லை, வழியும் இல்லை. அந்த எண்ணைப் பிள்ளைகள் பயத்தோடு சுமக்கிறார்கள். பயம் அதிகமானால் பார்த்து எழுதவும் துணிகிறார்கள். இலக்கு ஊக்கம் தரும் என்று நம்புகிற நாம், தவறாக வைத்த இலக்கு ஒரு பிள்ளையை ஒடித்தும் விடும் என்பதையும் சேர்த்தே நம்ப வேண்டும்.

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் இதைத் தொடங்கிவிடலாம். திங்கட்கிழமை எழுதுவது, வெள்ளிக்கிழமை பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒரு பாடத்தில் ஓர் இலக்கு போதும். ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து எழுதச் சொன்னால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகி, பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதப்பட்டுவிடும். முதல் சில வாரங்களில் பிள்ளைகள் மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோதான் எழுதுவார்கள். தம்மால் எவ்வளவு முடியும் என்பதை மதிப்பிடும் பழக்கம் அவர்களுக்கு இதுவரை இல்லை என்பதே காரணம். எழுதி, பார்த்து, மாற்றி எழுதும்போதுதான் அந்த மதிப்பீடு கூர்மையாகிறது.

வெள்ளிக்கிழமை அந்த மாணவன் நோட்டை நீட்டுகிறான். நான்கு கட்டங்களில் மூன்றுதான் நிரம்பியிருக்கின்றன. "ஏன் முடிக்கலை?" என்று கேட்டால் சாக்குதான் பதிலாக வரும். "எங்க நின்னுது?" என்று கேட்டால் வியாழக்கிழமை இரவு நடந்ததை அவன் சொல்வான்: வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், முன்னறையில் இடமில்லை. மூன்று கணக்குகளையும் ஆசிரியர் பார்க்கிறார். மூன்றிலும் அளந்த நீளமும் கணக்கிட்ட நீளமும் பொருந்துகின்றன. செவ்வாய்க்கிழமைப் படம் அடிக்கப்பட்டு, பக்கத்திலேயே புதிதாக வரையப்பட்டிருக்கிறது. அடுத்த வாரத்துக்கு என்ன எழுதலாம் என்று கேட்டபோது, மிச்சமிருக்கும் ஒன்றோடு இருபடிச் சமன்பாட்டு வரைபடம் இரண்டையும் சேர்த்து அவனே எழுதுகிறான். அதற்குக் கீழே இன்னொரு வரி: "முன்னறையில் ஆள் இருந்தால் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்காருவேன்."